காற்றும் கல்வியும்

காற்றுக்குக் கடவுள் எனப் பெயரிட்டுக் கைகூப்பியோர் பல நாடுகளில் உண்டு. அதனை ஆராய்ந்து, அளந்து, ஆலையில் பூட்டி, விளக்கேற்ற வைத்தோர் வரலாறு வேறு. அவ்வரலாற்றை அறிய விழையும் நாம் டென்மார்க் நாட்டை நோக்குதல் வேண்டும்.

சின்னஞ்சிறு நாடு அது. சொல்லத்தக்க நிலக்கரி இல்லை. பேரருவி பாயும் மலையும் இல்லை. 1864ஆம் ஆண்டுப் போரிலே பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்றுத் தென்புலத்துப் பெருநிலத்தை இழந்தது. விதியென்று நொந்து வீழ்ந்தனரோ அம்மக்கள்? இல்லை! மறு ஆண்டே, ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கென மக்கள் உயர்பள்ளி ஒன்றைத் திறந்தனர்.

அப்பள்ளியின் ஆசிரியர் பௌல் லா கூர், அரசு அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1891இல் அங்கே ஆய்வுக் காற்றாலை ஒன்றை எழுப்பினார். காற்று ஓய்ந்தால் விளக்கும் ஓயுமே! அதற்கும் வழி கண்டார். காற்று தந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஹைட்ரஜனைச் சேமித்து, பள்ளிக்கு ஒளியூட்டினார். வாயு வெடித்துச் சன்னல்கள் சிதறியதும் உண்டு, ஆய்வு நிற்கவில்லை. பல இறக்கைகள் மெல்லச் சுழல்வதைவிடச் சில இறக்கைகள் விரைந்து சுழல்வதே மின்னாக்கத்துக்கு ஏற்றது என்று தெளிந்தார். தெளிந்ததைப் பூட்டி வைத்தாரா? சிற்றூர் இளைஞர்களை அழைத்து மின்பணி பயிற்றுவித்தார். அறிவு அங்கே உழவன் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

அவரிடம் பயின்றவருள் ஒருவர் யொஹான்னஸ் யூல். 1957இல் கெட்சர் கடற்கரையிலே, மூன்று இறக்கைகளுடன், 200 கிலோவாட் ஆற்றல் கொண்ட காற்றாலையை நிறுவினார். எனினும் அது எண்ணெய் மலிந்த காலம். 1967இல் அவ்வாலை நின்றது. காற்றை நாடுவார் இல்லை.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. தேவைப்பட்ட ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த நாடு திகைத்தது. அணு உலை அமைப்போம் என்றனர் ஆட்சியினர். மக்கள் வினாக்களை எழுப்பினர். வினாவோடு நின்றனரா? ட்வின்ட் என்னுமிடத்தில் ஆசிரியர்களும் தொண்டர்களும் 1975 முதல் உழைத்து, 1978இல் மாபெரும் காற்றாலையை எழுப்பிக் காட்டினர். 1898இல் லெம் சிற்றூரில் தொடங்கிய கொல்லுப்பட்டறையின் வழிவந்த வெஸ்டாஸ் நிறுவனம், 1979இல் காற்றாலை விற்கத் தொடங்கியது. ரீசோ ஆய்வுக்கூடம் ஆலைகளைச் சோதித்தது. அரசு மானியம் தந்தது. 1985இல் நாடாளுமன்றம் அணுமின் திட்டத்தைக் கைவிட்டது. 1991இல் விண்டபி அருகே, உலகில் முதன்முதலாகக் கடலிலே காற்றாலைப் பண்ணை அமைந்தது. பள்ளியில் பிறந்த ஆய்வு பட்டறையில் தொழிலாயிற்று. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று தருவதே.

இவ்வரலாற்றின் உயிர்நாடி எது? இறக்கையா, எந்திரமா? உரிமை என்போம் நாம். அண்டை வீட்டார் கூடிப் பங்கு வாங்கி ஆலை நிறுவினர். கோபன்ஹேகன் துறைமுகத்தருகே 2000ஆம் ஆண்டில் எழுந்த 20 ஆலைகளில் சரிபாதி, ஆயிரக்கணக்கான பொதுமக்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். தன் ஊர்க் காற்றின் வருவாயில் தனக்கும் பங்குண்டு என்றறிந்தவன் அதனை வளர்ப்பான் அன்றோ!

தமிழகத்திலும் 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இன்று அவை காடெனப் பெருகியுள்ளன. பெருமைதான்! ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை ஆலை முதலாளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியவை. அவற்றின் நிழலிலே ஆடு மேய்ப்பவனுக்கு அதில் பங்கு எவ்வளவு? அவன் மகன் அந்த எந்திரத்தைப் பழுது பார்க்கும் பணியாளனாக மட்டும் இருப்பதா, அதனைப் படைக்கும் அறிஞனாகவும் ஆவதா?

காற்று எவரையும் சாதி கேட்டு, செல்வம் கேட்டு வீசுவதில்லை. அதன் பயன் மட்டும் சிலர் வாயிலில் நிற்பானேன்? ஊர்தோறும் ஓர் ஆஸ்கோவ் எழட்டும். கூட்டுறவு அதன் துணை நிற்கட்டும். இளைஞர்களே, அதற்கான குரலை எழுப்ப வேண்டியவர்கள் நாமே!