வழியனுப்பும் இடம்

மலாயாத் தமிழருக்குத் தாயகத்தின் வாயில் நெடுங்காலம் கடலாகவே இருந்தது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறியோர், போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் பன்னாள் கழித்து இறங்கினர். அக்கப்பலின் சேவை 1973இல் முடிவுற்றது.

1965இல் திறக்கப்பெற்ற சுபாங் விமான நிலையம் நாள்கணக்கை மணிக்கணக்காக்கியது. ஒருவரை வழியனுப்பக் குடும்பமே திரண்டது. பார்வையாளர் மாடத்தில் நின்று, விமானம் புள்ளியாகி மறையும்வரை கையசைத்தது. துறைமுகத்துப் பிரிவாற்றாமை அங்கே குடிபுகுந்தது எனலாம்.

1998இல் சிப்பாங்கில் புதிய நிலையம் எழுந்தது. 2002 முதல் பிரிக்பீல்ட்ஸிலுள்ள சென்ட்ரல் நிலையத்தினின்று விரைவு இரயில் 28 நிமிடத்தில் அங்குச் சேர்க்கிறது. சென்ட்ரல் நிற்பதோ, நம்மவர் பலர் உழைத்த பழைய இரயில்வே யார்டின் மீது! விடைபெறும் இடம் வீட்டருகே வந்துவிட்டது. வழியனுப்பும் கூட்டமோ சுருங்கிவிட்டது. விரைவு வேண்டுவதே, ஆயினும் பிரிவைத் தாங்கிக்கொள்ள ஓரிடமும் சிறிது பொழுதும் மனிதனுக்கு வேண்டும்.