ஆயி மண்டபம்

ரோமாபுரியில் பழைய நகரத்து நடுவே திரெவி என்று ஒரு பெரிய நீரூற்று இருக்கிறது. சினிமா பார்க்கிறவர்களுக்கு அதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தோளுக்கு மேலாகக் காசை எறிந்தால் மறுபடியும் ரோமாபுரிக்கு வரும் பாக்கியம் கிட்டும் என்பது ஐதிகம். விழுகிற காசை வாரி எடுத்து ஏழைகளுக்குச் செலவிடுகிறார்களாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்கு அந்த ஊற்றில் பிடித்த விஷயம் காசும் அல்ல, நடுவில் கம்பீரமாக நிற்கிற சமுத்திர ராஜனும் அல்ல. மேலே சுவரில் ஒரு சிற்பப் பலகை இருக்கிறது. தாகத்தால் தவித்து நிற்கும் ரோமானியச் சிப்பாய்களுக்கு ஓர் இளம்பெண் ஊற்றுக்கண் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் சிற்பம்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதி வைத்தவர் பிரான்டினஸ். கவியல்ல, கதாசிரியரும் அல்ல, கி.பி. 97-இல் ரோமாபுரியின் தண்ணீர் இலாகாவுக்குத் தலைமை ஏற்ற உத்தியோகஸ்தர். எந்தக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர், யார் யார் திருட்டுக் குழாய் போட்டிருக்கிறார்கள் என்று கணக்கெழுதிய மனிதர், கணக்குக்கு நடுவில் இந்தக் கதைக்கும் இடம் கொடுத்தார். கி.மு. 19-இல் அக்ரிப்பா என்ற தளபதி அந்த ஊற்றை இருபது கிலோமீட்டர் தூரம், பெரும்பாலும் பூமிக்கு அடியிலேயே, நகரத்துக்குக் கொண்டுவந்தான். அதற்குக் 'கன்னி நீர்' என்று பெயர் வந்தது. பலகையில் உள்ள பெண்ணின் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. பாதிரியார்களின் தலைவரான போப்பாண்டவர் கட்டுவித்த ஊற்று அது; 1732-இல் ஆரம்பித்து 1762-இல் முடிந்தது. கட்டிடச் சிற்பி நிக்கோலா சால்வி முடிவைப் பார்க்காமலே 1751-இல் கண்ணை மூடினார். இவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரிகிறது. தண்ணீரைக் காட்டியவள் மட்டும் 'ஒரு பெண்'.

இவ்வளவு தூரம் ரோமாபுரிக்குப் போனது, நம் புதுச்சேரிக்கு வருவதற்காகத்தான்.

நான் சேலத்துக்காரன். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டிதான் என் ஊர். மலைமேல் மேகம் குந்தினால் இன்னும் சற்று நேரத்தில் ஓடையில் செந்நீர் வரும் என்று அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதே ஓடை மாசி பங்குனியில் வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கும் என்பதும் தெரியும். சேலம் நகரத்துக்குக் குடிநீர் தருவதற்கென்று பனமரத்துப்பட்டி ஏரி 1911-இல் ஏற்பட்டது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அவ்வளவும் வந்த பிறகும் எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் "அந்த ஊரில் தண்ணி எப்படி?" என்ற கேள்வி நகைக்கு முந்தி வரும். இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு, தண்ணீருக்காக ஒரு மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

புதுச்சேரியில் இறங்கியதும் ஒரு வேடிக்கை. எதிரே வந்த பஸ்ஸின் நெற்றியில் 'கோரிமேடு' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரை ஒட்டி, ஏற்காடு போகும் சாலையிலும் கோரிமேடுதான். கோரி என்றால் சமாதி. யாரோ இரண்டு பெரியவர்கள் இரண்டு மேடுகளில் அடங்கியிருக்கிறார்கள், அவர்கள் புண்ணியத்தில் நான் அந்நியமாக உணராமல் ஊருக்குள் நடந்தேன்.

வெள்ளையர் நகரம் என்று சொல்லப்பட்ட பகுதியின் நடுவே பாரதி பூங்கா. வடக்கே துணைநிலை ஆளுநர் மாளிகை; அருகிலேயே சட்டசபை. பூங்காவின் மத்தியில் வெள்ளை வெளேரென்று நான்கு முகமும் வளைவு வாயிலாக, கிரேக்க ரோமானியத் தூண்களோடு நிற்கிறது ஆயி மண்டபம். பார்த்த மாத்திரத்தில் பிரமித்துப் போகிற கட்டிடம் அல்ல. நம் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிறியதுதான். ஆனால் அளவு எடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்த இடத்துக்குக் கச்சிதமாக இருக்கிறது. நான் போன போது உள்ளே ஒரு பாட்டி பேரனுக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தூணில் சாய்ந்து ஒரு வாலிபன் தூங்கினான்.

அந்த மண்ணுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. இன்றைய பூங்காவும் சுற்றுப்புறமும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை. துய்ப்ளே 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்து தென்னாட்டு நவாபுகளைச் சதுரங்கக் காய்களாக நகர்த்தியது அங்கிருந்துதான். ஆனந்தரங்கப் பிள்ளை அன்றாடம் போய்வந்து, கேட்டதையும் கேட்கக் கூடாததையும் தினப்படிக் குறிப்பாக எழுதியது அந்தக் கோட்டை விஷயங்களைத்தான். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிள்ளையவர்கள் அதைப் பார்க்கவில்லை. சில நாட்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக, பீரங்கி இருந்த இடத்தில்தான் இப்போது தண்ணீருக்கு ஞாபகார்த்தம் நிற்கிறது.

இனி ஆயியின் கதை. ஊரில் வழங்குகிறபடியே சொல்கிறேன்.

விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் (அவர் ஆண்ட காலம் 1509 முதல் 1529 வரை) ஒருநாள் மாலையில் இந்தப் பக்கமாக வந்தார். கடற்கரைக்கு மேற்கே முத்திரையர்பாளையத்தில், விளக்குகள் வரிசையாக எரிய, பிரகாசமாக ஒரு மாளிகை தெரிந்தது. கோயில் என்று எண்ணிக் கைகூப்பி வணங்கினார் ராயர். பக்கத்தில் இருந்தவர்கள் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார்கள்: அது கோயில் அல்ல, ஆயி என்ற தாசியின் வீடு. ராயருக்கு வந்ததே கோபம்! அந்த வீட்டை இடித்துத் தள்ளுங்கள் என்று ஆக்ஞை பிறந்தது. ஆயி ஓடிவந்து காலில் விழுந்தாள். வீட்டைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. "என் வீட்டை நானே இடித்துவிடுகிறேன், அந்த இடத்தில் குளம் வெட்டிக்கொள்ள உத்தரவு வேண்டும்" என்றுதான் கேட்டாள். உத்தரவு கிடைத்தது. சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிக் குளம் வெட்டினாள். சுற்று வட்டாரம் அந்தத் தண்ணீரைக் குடித்தது.

இந்தக் கதையைப் புத்தகங்களில் ஒரே வாக்கியமாகச் சுருக்கி விடுகிறார்கள்: "ஊருக்குக் குளம் வெட்டுவதற்காகத் தன் வீட்டையே இடித்த தாசி." எனக்கு அந்த வாக்கியத்தின்மேல் கோபம். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் கதையின் உயிரே போய்விடுகிறது. அவளாக நினைத்து வீட்டை இடித்தாளா? இல்லை. கடைப்பாரையோடு ஆட்கள் வாசலில் நின்றார்கள். அதிலும் குற்றம் யாருடையது? தவறாகக் கும்பிட்டவர் ராயர். விளக்கேற்றி வைத்ததைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. 'என்னைக் கும்பிடு' என்று யாரையும் அழைக்கவில்லை. கும்பிட்ட கைக்கு நேர்ந்த வெட்கத்துக்கு வீடு தண்டனை அநுபவிக்க வேண்டியிருந்தது.

ஆனால் பாருங்கள், அந்தச் சில நிமிஷங்களுக்குள் அவள் யோசித்ததை! வீடு போவது நிச்சயம். ராஜாக்ஞையைத் திருப்ப யாராலும் ஆகாது. தன் கையில் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று: யார் இடிப்பது, இடித்த இடத்தில் என்ன இருப்பது. அந்த இரண்டையும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். இடிபாடாகக் கிடந்திருந்தால் 'ராயர் தண்டித்த தாசி வீடு' என்றுதான் பெயர் நின்றிருக்கும். தண்ணீர் நின்றதால் 'ஆயி குளம்' என்று ஆயிற்று. இவ்வளவு சாமர்த்தியமான பெண்ணைத் தியாகி என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாக எனக்குப் படவில்லை.

கல்வெட்டுச் சான்று உண்டா, ராயர் உண்மையில் அந்த வழியாக வந்தாரா என்று சரித்திரப் பேராசிரியர்கள் கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த வரையில் இப்படிப்பட்ட பெண்கள் நம் நாட்டில் கற்பனை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை, வீட்டு இலக்கம் சகிதமாக வெட்டி வைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்குக்கு நூறு கலம் நெல். அவன் மகன் ராஜேந்திரனின் அணுக்கியாரான பரவை நங்கை, திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவள். அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த ஆயிக்கு ராயர் ஒரு கல்லும் நட்டதாகக் கதையில்கூட இல்லை.

அதற்கு ஓர் அந்நிய சக்கரவர்த்தி வேண்டியிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஊன்றியது 1674-இல். கடலோர ஊர், கிணற்றை ஆழமாக்கினால் உப்பு எட்டிப் பார்க்கும். நல்ல தண்ணீர் மேற்கே, செம்மண் மேட்டுப் பக்கம்தான். அந்த மேடு பஞ்சு மாதிரி. பெய்த மழையைக் குடித்துவிட்டு மெல்ல மெல்லக் கடல் பக்கமாகக் கசியவிடும். முத்திரையர்பாளையத்தில் ஆயி குளம் வற்றாமல் இருந்ததற்கு அவளுடைய புண்ணியம் பாதி, மண்ணின் அமைப்பு பாதி. 1860-களில் லாமெரெஸ் என்ற தலைமை எஞ்சினீயர் அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார். தூரம் சுமார் ஐந்து கிலோமீட்டர். சூட்சுமம் ரோமானியர்கள் கண்டதுதான்: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, சரிவு குறையாமல் வழி செய்து கொடுத்தால் தண்ணீர் தானே நடந்து வரும். திரெவி ஊற்றில் நீர் வானத்தில் பாயாமல் பாறையில் வழிந்து ஓடுகிறதே, அதற்கும் இதுதான் காரணம். கன்னி நீருக்கு உயரம் போதாது. சால்வி அந்தக் குறையையே அழகாக்கிவிட்டார்.

தண்ணீர் வந்த கதையையும் தாசியின் கதையையும் கேள்விப்பட்ட மூன்றாம் நெப்போலியன் மனம் உருகி, "அந்தப் பெண்ணுக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்புங்கள்" என்று உத்தரவிட்டதாகச் சொல்வார்கள். சக்கரவர்த்தியின் மன உருக்கத்தில் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. 1852 முதல் 1870 வரை ஆண்ட அவர், பாரிஸ் நகரத்தையே இடித்துப் புதிதாகக் கட்டிய மனிதர். 1860-இல் பாரிஸில் சேன் மிஷல் நீரூற்று. 1865-இல் வெகு தொலைவிலிருந்து துயீ ஆற்று நீர் பாரிஸுக்கு. தண்ணீர் வந்த இடத்தில் எல்லாம் ஒரு மண்டபமோ ஊற்றோ எழுப்பித் தம் ஆட்சியின் பெருமையை ஊருக்குக் காட்டுவது அவருக்கு வழக்கம். ஆகையால் புதுச்சேரி மண்டபமும் தண்ணீருக்காக எழுந்திருக்கும். ஆயியின் பெயரை அதில் ஒட்டியது ஊர் ஜனங்களின் வாய்தான் என்பது என் அபிப்பிராயம். அப்படியானால் அது இன்னும் பெரிய மரியாதை.

லாமெரெஸைப் பற்றி ஒரு சேதி சொல்லாமல் போக மனம் வரவில்லை. மனிதர் வெறும் கால்வாய் வெட்டுகிறவர் அல்ல. தென்னிந்திய நாட்டுக் கவிதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1867-இல் பாரிஸில் வெளியிட்டார். பிற்பாடு 1891-இல் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தையும் பிரெஞ்சாக்கினார். அதில் கணிகையரைப் பற்றியே தனியாக ஒரு பகுதி உண்டல்லவா? அதை மொழிபெயர்க்கும் போது, முதிர்ந்த வயதில், முத்திரையர்பாளையத்துக் குளக்கரை அவர் ஞாபகத்துக்கு வந்திருக்குமா? நான் நாவல் எழுதுவதானால் வரவைத்து விடுவேன். இது கட்டுரை.

மறுநாள் முத்திரையர்பாளையம் போனேன். இப்போது அது நகரத்தோடு ஒட்டிவிட்டது. வீடுகளும் கடைகளும் நெருக்கியடிக்கின்றன. ஆயி குளத்துக்கு வழி கேட்டதற்கு, வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவள் கையைக் காட்டிவிட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றாள்.

"சேலமுங்க அம்மா."

"அவ்ளோ தூரத்திலேருந்து குளம் பாக்கவா வந்தே?"

ஆயி யார் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஆயின்னா அம்மா. வேற யாரு?"

தாசி என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. தெரியாமல் இருந்திருக்காது. சொல்ல வேண்டிய அவசியம் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். ரோமாபுரிப் பெண்ணுக்கும் பெயர் இல்லை; இவளுக்கும் யோசித்துப் பார்த்தால் பெயர் இல்லைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, அது போய்விட்டது. அங்கே 'கன்னி' என்றார்கள், இங்கே 'தாய்' என்கிறார்கள்.

புதுச்சேரி 1954 நவம்பர் முதல் தேதி இந்தியாவோடு சேர்ந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி முழுவதுமாக நம்முடையதாயிற்று. துய்ப்ளேக்குச் சிலை இருக்கிறது, கடற்கரையில் காந்திக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அந்த ஆட்சி தனக்கு முத்திரைச் சின்னமாக எடுத்துக்கொண்டது ஆயி மண்டபத்தைத்தான். சர்க்கார் கடிதங்களின் உச்சியில், தாசில்தார் உத்தரவுகளின் தலைப்பில், வீட்டை இடிக்கச் சொல்லி வருகிற நோட்டீஸ் உள்பட, அவளுடைய மண்டபம் அச்சாகி வந்துகொண்டிருக்கிறது.