காடு கலைத்த தாத்தாவும் களிமண் புறாவும்

தில்லிக்கு மாற்றலாகி வந்து பல வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு குதுப்மினார், செங்கோட்டை என்று சுற்றிச் சுற்றி அலுத்தே போய்விட்டது. ஆனால் துக்ளகாபாத் பக்கம் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குள் நான் கால் வைத்தது ஒரே ஒரு குளிர்காலத்தில்தான். கிளையில் கூட வேலை பார்த்த சர்தார்ஜியின் பையன் 'ட்ராப்' போட்டியில் சுடுகிறான், துணைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். நமக்குத் தெரிந்த துப்பாக்கியெல்லாம் பாங்க் வாசலில் காவலாளி வைத்திருக்கும் இரட்டைக்குழல் மட்டும்தான் :-) சரி, பார்த்துவிடலாம் என்று போனேன்.

விளையாட்டு இதுதான். சுடுகிறவருக்கு 15 மீட்டர் முன்னால் தரைக்குள் ஒரு பள்ளம். அதற்குள் 15 இயந்திரங்கள். "புல்" என்று குரல் கொடுத்ததும் ஏதோ ஒன்றிலிருந்து ஒரு தட்டு சீறிக் கிளம்பும். 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. பெயர் 'களிமண் புறா'. உண்மையில் சுண்ணாம்புக்கல் பொடியும் பிசினும் கலந்து செய்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகம். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் 25 தட்டு கொண்ட ஒரு சுற்றில் எல்லோருக்கும் இடது பக்கம் 10, வலது பக்கம் 10, நேராக 5 என்று சமமாகத்தான் வரும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். பையன் சுடச் சுட நான் தோட்டாச் செலவை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி!

மூன்றாவது சுற்றின்போதுதான் அம்மாவழித் தாத்தா ஞாபகம் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். சமஸ்தான காலத்தில், இளவட்டமாக இருந்தபோது, வேட்டைக்குக் காடு கலைக்கப் போயிருக்கிறார். ஐம்பது அறுபது பேர் வரிசையாக நின்று தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டபடி நடந்தால் முயலும் மானும் காடையும் மிரண்டு எதிர்ப்பக்கம் ஓடும். அங்கே துரைமார் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். "பெரிய துரை எங்க நிக்கிறாரோ அந்தப் பக்கமாத்தான் ஓட்டணும். அதுதான் வேலையே" என்பார் தாத்தா. ஆயுள் முழுக்க அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

இந்த வேட்டைக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க ஆசைப்பட்டால் தில்லியிலிருந்து பரத்பூர் போய் வாருங்கள். கேவலாதேவ் பறவைகள் காப்பகத்துக்குள் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். எந்தத் தேதி, யார் வருகை, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று பத்தி பத்தியாக, நம் லெட்ஜர் மாதிரியே இருக்கும். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது விழுந்தவை 4,273 பறவைகள். ஒரே நாளில்! அந்த எண்ணைப் பெரும் சாதனையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பறவைகளைக் கிளப்பிவிட்டவர்களுக்கு அதில் பத்தி கிடையாது.

உயிருள்ள பறவையிலிருந்து தட்டுக்கு வந்த கதையும் சுவாரஸ்யமானது. 1880 வாக்கில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டைக் கொண்டுவந்தார். அப்படியும் 1900 பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி நிஜப் புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி நடந்தது. சுமார் 300 புறாக்கள் செத்தன. அதன்பிறகு ஒலிம்பிக்கில் அப்படி ஒன்று நடக்கவில்லை. இங்கிலாந்தில் 'ஸ்போர்ட்டிங் க்ளேஸ்' என்று இன்னொரு வகை வளர்ந்தது. வாத்து போல உயரத்தில் ஒன்று, காடை போலத் தாழ்வாக ஒன்று என்று தட்டுகளை விதவிதமாக வீசுவார்கள். தரையில் உருண்டு ஓடும் தட்டுக்குப் பெயரே 'முயல்'! வேட்டையின் ஞாபகம் அவ்வளவு சீக்கிரம் போகுமா என்ன?

மைதானத்துக்குப் பெயர் கொடுத்த கர்ணி சிங் பிக்கானிர் மகாராஜா. (டாக்டர் பட்டம் வரலாற்று ஆராய்ச்சிக்காக வாங்கியது.) அவருடைய தாத்தா கங்கா சிங் கஜ்னேரில் வைஸ்ராய்களுக்கு நடத்திய பறவை வேட்டை அந்தக் காலத்தில் பிரசித்தம். பேரன் சுட்டதோ தட்டு. 1960 ரோம் தொடங்கி 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக். 1952 முதல் 1977 வரை சுயேச்சை எம்.பி. வேறு. 1962ல் கெய்ரோ உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமநிலை வந்து, மறுபடி சுடச் சொன்னபோது தோற்று வெள்ளி வாங்கினார்.

எனக்கு அந்தத் தோல்விதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கல்வெட்டில் இருக்கும் எண்ணில் பாதி, காடு கலைத்தவர்களின் உழைப்பு. பறவை யார் பக்கம் போக வேண்டும் என்பது முன்பே முடிவானது. பள்ளத்துக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு மகாராஜா யார், சர்தார்ஜி மகன் யார் என்று தெரியாது. கெய்ரோவில் ஒரு மன்னர் தோற்றதே கணக்கு நேராகிவிட்டது என்பதற்குச் சாட்சி.

முழுக்க நேராகிவிட்டதா என்றால், இல்லை. துப்பாக்கி, லைசென்ஸ், தோட்டா எல்லாம் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. 1978 பாங்காக் ஆசியப் போட்டியில் ட்ராப் தங்கம் வென்ற ரந்தீர் சிங் பாட்டியாலா அரச குடும்பம். 2004 ஏதென்ஸில் டபுள் ட்ராப் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோருக்கு ராணுவம் இருந்தது. இயந்திரம் ஆள் பார்ப்பதில்லை. ஆனால் அதன் முன்னால் போய் நிற்பதற்கு இன்னமும் வசதி வேண்டும்.

1982ல் ஆசியப் போட்டிக்காக இந்த மைதானம் வந்தது. அதே 1982ல்தான் பரத்பூர் ஏரி தேசியப் பூங்கா ஆனது. மைதானத்தை ஒட்டியே அசோலா பட்டி சரணாலயம். அன்று வெடிச் சத்தத்துக்கு நடுவே மயில் அகவுவது கேட்டது. பையன் முதல் சுற்றில் 25க்கு 17. அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கென்னவோ பதினேழு பறவை பிழைத்தது என்றுதான் தோன்றியது.

நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிரித்விராஜ், 2023ல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் ட்ராப் அணித் தங்கம் வென்றவர்களில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார், இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அங்க காடு கலைக்க யாரு போனா?" என்று கேட்டாள்.

"மெஷினும்மா" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா.