கையில் ரூ.60,000 இருக்கிறது: அவசர நிதியா, எஃப்.டி. கிரெடிட் கார்டா?

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்களுக்கு வரும் கேள்வி இது: "கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. அதை அவசரத்துக்கு அப்படியே வெச்சுக்கலாமா, இல்ல எஃப்.டி. போட்டு கிரெடிட் கார்டு வாங்கி சிபில் ஸ்கோரை ஏத்தலாமா?"

"எஃப்.டி.யும் நம்ம காசுதானே, ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடுமே" என்று நினைப்பவர்கள் அதிகம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எஃப்.டி. கார்டு என்றால் என்ன?

கடன் வரலாறே இல்லாதவருக்குச் சாதாரண கிரெடிட் கார்டு கிடைப்பது கடினம். அதனால் வங்கி உங்கள் வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துக்கொண்டு கார்டு தருகிறது. வைப்புத்தொகையில் சுமார் 75 முதல் 100 சதவிகிதம் வரை லிமிட் கிடைக்கும். எஃப்.டி.க்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். மாதாமாதம் பில்லைச் சரியாகக் கட்டினால், பொதுவாக ஆறு மாதங்களில் ஸ்கோர் உருவாகத் தொடங்கும். சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும்.

நல்ல வசதிதான். ஆனால் கார்டு இருக்கும்வரை அந்த எஃப்.டி.யை வங்கி 'லியன்' போட்டுப் பிடித்து வைத்திருக்கும். பணம் வேண்டுமென்றால் முதலில் பாக்கியை முழுதாகக் கட்டி, கார்டை மூட வேண்டும். கார்டை மூடும் கோரிக்கையை ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது ஆர்.பி.ஐ. விதி. ராத்திரி பத்து மணிக்கு மருத்துவமனையில் நிற்பவருக்கு ஏழு வேலை நாள் என்பது ரொம்ப தூரம்.

"அவசரத்துக்கு கார்டையே தேய்ச்சுக்கலாமே?"

தேய்க்கலாம். அடுத்த பில்லை முழுதாகக் கட்ட முடியும் என்றால் பிரச்னை இல்லை. கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரூ.50,000 எஃப்.டி., அதற்கு ரூ.45,000 லிமிட் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவச் செலவு ரூ.40,000 கார்டில் போகிறது. கார்டு வட்டி மாதம் 3.5 சதவிகிதம் என்றால் ரூ.1,400. அதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி ரூ.252. மொத்தம் மாதம் ரூ.1,652. அதே மாதத்தில் உங்கள் எஃப்.டி. 6.5 சதவிகித வட்டியில் ஈட்டுவது சுமார் ரூ.270. உங்கள் பணத்தையே பிணையாக வைத்து, அது ஈட்டுவதைப் போல ஆறு மடங்கு வட்டி கட்டுகிறீர்கள்.

பில்லில் வரும் 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து கட்டாமல் விட்டால் வங்கி எஃப்.டி.யை உடைத்து எடுத்துக்கொள்ளும். அதோடு, ஏற்றுவதற்காகத் தொடங்கிய ஸ்கோரும் சரியும்.

இன்னொன்று: எல்லா அவசரத்துக்கும் கார்டு உதவாது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்தாலும் கடைகளுக்குத்தான் கட்ட முடியும். ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடியாது. ஏடிஎம்மில் எடுத்தால் தனிக் கட்டணம் உண்டு, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும்.

அப்படியென்றால் கார்டே வேண்டாமா?

வேண்டும் என்றால், சின்னதாகத் தொடங்கலாம். உங்களிடம் ரூ.60,000 இருக்கிறது, மாதச் செலவு ரூ.25,000 என்று கொள்வோம். ரூ.50,000-ஐக் கார்டுக்குப் போட்டால் கையில் மிஞ்சுவது ரூ.10,000. அது 12 நாள் செலவு. ரூ.15,000 மட்டும் போட்டால் கையில் ரூ.45,000 நிற்கும். அது 54 நாள் செலவு. இரண்டு கார்டும் ஸ்கோருக்குச் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் பில்லை நேரத்துக்குக் கட்டுகிறீர்களா என்பதுதான் அங்கே முக்கியம். லிமிட்டில் 30 சதவிகிதத்துக்குள் செலவு செய்வது நல்லது. ரூ.13,500 லிமிட் என்றால் சுமார் ரூ.4,000. மொபைல் ரீசார்ஜும் கரன்ட் பில்லும் அதில் அடங்கிவிடும்.

யார் எதை முதலில் செய்யலாம்?

ஒரு மாதச் செலவுக்கான பணம்கூடக் கையில் இல்லாதவர்கள்: முதலில் அதைச் சேருங்கள். கார்டு காத்திருக்கட்டும்.

வீடு உங்களை நம்பி இருக்கிறது, அல்லது வேலை ஒப்பந்த அடிப்படையில் என்றால்: மூன்று மாதச் செலவு சேர்ந்த பிறகு கார்டு. பின்பு நிதியை ஆறு மாதமாக உயர்த்தலாம்.

கல்விக்கடனோ பைக் கடனோ உங்கள் பெயரில் கட்டி வருபவர்கள்: உங்களுக்கு ஏற்கெனவே கடன் வரலாறு இருக்கிறது. ஸ்கோருக்காக எஃப்.டி.யை முடக்கத் தேவையில்லை. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை முதலில் எடுத்துப் பாருங்கள்.

ஓரிரு வருடத்தில் வீட்டுக்கடன் திட்டம் இருக்கிறது, கையில் இரண்டு மாதச் செலவும் இருக்கிறது என்றால்: சின்ன எஃப்.டி. கார்டை இப்போதே தொடங்கலாம்.

அவசர நிதியை எங்கே வைப்பது?

ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை லியன் இல்லாத எஃப்.டி.யில் போடலாம். முன்கூட்டியே உடைத்தால் வழக்கமாக 0.5 முதல் 1 சதவிகிதம் வட்டி குறையும், அவ்வளவுதான். உடைக்க மனமில்லை என்றால் அதே எஃப்.டி. மீது ஓவர்டிராஃப்ட் வாங்கலாம். அதற்கு வட்டி பெரும்பாலும் எஃப்.டி. வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவிகிதம்தான் கூடுதல். கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கார்டு வாங்கும் முன் வங்கியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆண்டுக் கட்டணம் உண்டா? மாத வட்டி எவ்வளவு? எஃப்.டி. முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படுமா? கார்டு வந்த அன்றே ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அதில் 'குறைந்தபட்சத் தொகை'யைத் தேர்வு செய்யாமல், 'மொத்த பாக்கி' என்று இருக்கிறதா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.