ராணுவ தினம் (இந்தியா)

ராணுவ தினம் என்பது இந்தியத் தரைப்படையைச் சிறப்பிக்கும் வகையில் ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று கடைப்பிடிக்கப்படும் நாள். 1949ஆம் ஆண்டு இதே நாளில் லெப்டினன்ட் ஜெனரல் கே. எம். கரியப்பா, பிரிட்டிஷ் தளபதியான ஜெனரல் சர் ராய் புச்சரிடமிருந்து தலைமைத் தளபதிப் பொறுப்பை ஏற்றார். எந்தப் போர் வெற்றியையும் ஒட்டி இந்த நாள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. நாட்டின் படைக்கு நாட்டவர் ஒருவர் தலைமை ஏற்றதே இதற்கு அடிப்படை. சுமார் 12 லட்சம் பேர் பணியாற்றும் தரைப்படையின் முகாம்கள், பயிற்சி மையங்கள் எல்லாவற்றிலும் இந்த நாள் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் பொங்கலோ மாட்டுப் பொங்கலோ வரும் நாளும் இதுவே என்பதால், படை முகாம்களுக்கு வெளியே அதிகம் கவனிக்கப்படுவதில்லை.

பின்னணி

வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் தனித்தனிப் படைகள் 1895 ஏப்ரல் 1 அன்று ஒரே இந்தியப் படையாக இணைக்கப்பட்டன. இரண்டு உலகப் போர்களிலும் இந்தப் படை லட்சக்கணக்கில் ஆள் கொடுத்தது. ஆனாலும் உயர் பதவிகள் பிரிட்டிஷ் அதிகாரிகளிடமே இருந்தன. முதல் உலகப் போரின் முடிவில்தான் இந்தியர்களுக்கு முழு அதிகாரி நிலை தரும் முயற்சி தொடங்கியது. இந்தூர் டேலி கல்லூரியில் பயிற்சி பெற்று 1919இல் வெளிவந்த முதல் குழுவில் குடகைச் சேர்ந்த கரியப்பாவும் ஒருவர். குவெட்டா பணியாளர் கல்லூரியில் சேர்ந்த முதல் இந்தியர் அவர். ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரும் அவரே.

1947இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. பத்து கூர்க்கா ரெஜிமென்ட்களில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. விடுதலைக்குப் பின்னரும் சர் ராப் லாக்ஹார்ட், சர் ராய் புச்சர் என இரண்டு பிரிட்டிஷ் தளபதிகள் அடுத்தடுத்துப் பொறுப்பில் இருந்தனர். அதே காலத்தில் காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தது. மேற்குப் பகுதிப் படைகளுக்குத் தலைமை தாங்கிய கரியப்பாவின் காலத்தில்தான் சோஜி லா கணவாயும் திராஸ், கார்கில் ஊர்களும் மீட்கப்பட்டன. 1949 ஜனவரி 1 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் கரியப்பா தலைமைத் தளபதியானார். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி.

சாதி, இன அடிப்படையில் ஆள் எடுக்கும் வழக்கத்துக்கு மாற்றாக, எல்லாப் பிரிவினரும் சேரக்கூடிய பிரிகேட் ஆஃப் தி கார்ட்ஸ் கரியப்பாவின் முயற்சியால் 1949இல் உருவானது. 1953இல் ஓய்வு பெற்ற அவருக்கு 1986இல் பீல்டு மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது. சாம் மானெக் ஷாவுக்குப் பிறகு அந்தப் பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. மற்ற இரு படைகளுக்கு இந்தியத் தலைமை சில ஆண்டுகள் கழித்தே வந்தது: விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜி, கடற்படைக்கு 1958இல் ஆர். டி. கட்டாரி.

நிகழ்வுகள்

ராணுவ தினம் மறைந்த வீரர்களுக்கு மலர்வளையம் வைப்பதோடு தொடங்குகிறது. முன்பு இது டெல்லி இந்தியா கேட்டில் உள்ள அமர் ஜவான் ஜோதியில் நடந்தது. 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்ட பின் அங்கே மாறியது. 1972 முதல் எரிந்துவந்த ஜோதி, 2022 ஜனவரியில் புதிய நினைவுச்சின்னத்தின் சுடரோடு இணைக்கப்பட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்களாக அமைந்த இந்த நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். தியாகச் சக்கரம் எனப்படும் வட்டத்தின் கருங்கல் சுவர்களில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அடுத்த நிகழ்வு அணிவகுப்பு. பரம் வீர் சக்ரா, அசோக சக்ரா பெற்றவர்கள் திறந்த ஜீப்புகளில் முன்னே செல்வர். ரெஜிமென்ட் அணிகள், வாத்தியக் குழுக்கள், ஆயுத வண்டிகள் பின்தொடரும். மரியாதையை ஏற்கும் தரைப்படைத் தளபதி, வீரச் செயலுக்கான சேனா பதக்கங்களையும் சிறந்த படைப்பிரிவுகளுக்கான பாராட்டுப் பத்திரங்களையும் வழங்குவார். மறைந்த வீரருக்குரிய பதக்கத்தை மனைவியோ பெற்றோரோ மேடையேறிப் பெற்றுக்கொள்வர்.

நெடுங்காலம் இந்த அணிவகுப்பு டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள கரியப்பா திடலிலேயே நடந்தது. 2023இல் முதன்முறையாகத் தலைநகரை விட்டு வெளியேறி, பெங்களூருவில் மெட்ராஸ் பொறியாளர் படை மையத்தின் கோவிந்தசாமி திடலுக்கு வந்தது. 2024இல் லக்னோவிலும் 2025இல் புனேயிலும் நடந்தது.

அணிவகுப்பில் தெரியும் மாற்றங்கள்

அந்தந்தக் காலத்தில் படைக்குள் நடக்கும் மாற்றங்கள் பலவும் இந்த அணிவகுப்பில்தான் முதலில் பொதுப் பார்வைக்கு வருகின்றன. 2020இல் கேப்டன் தானியா ஷெர்கில், ராணுவ தின அணிவகுப்பின் முதல் பெண் துணைக் கட்டளை அதிகாரியாக அணிகளை வழிநடத்தினார். அதற்கு அடுத்த மாதமே, பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் அதிகாரிகளாகச் சேரத் தொடங்கிய 1992இலிருந்து அந்தத் தீர்ப்புக்கு 28 ஆண்டுகள் ஆயின. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயின்ற முதல் பெண்கள் அணியினர் 17 பேர் 2025 மே மாதம் வெளிவந்தனர்.

2021 அணிவகுப்பில் 75 ட்ரோன்கள் கூட்டமாகப் பறந்து இலக்குகளைத் தாக்கிக் காட்டின. 2022இல் புள்ளிகள் கலந்த புதிய போர்க்களச் சீருடை அறிமுகமானது. 2025இல் புனேயில் நான்கு காலில் நடக்கும் இயந்திரக் கோவேறு கழுதைகள் வீரர்களோடு அணிவகுத்தன. மலைக் காவல்நிலைகளுக்கு உணவும் குண்டும் சுமந்து சென்ற உயிருள்ள கோவேறு கழுதைகளின் வேலையில் ஒரு பங்கை இவற்றிடம் ஒப்படைப்பது நோக்கம்.

நவீனமயமாக்கல்

இந்தியத் தரைப்படையின் நவீனமயமாக்கல் சீராக நடந்ததில்லை. ஒரு தோல்வியோ நெருக்கடியோ வந்த பிறகே பெரும்பாலும் வேகம் பிடித்திருக்கிறது. 1962இல் சீனாவை எதிர்கொண்ட வீரர்கள் பலரிடம் இருந்தது, ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் தாழை இழுத்து அடுத்த ரவையை ஏற்ற வேண்டிய .303 துப்பாக்கி. அந்தப் போருக்குப் பின் தானாக ரவை ஏறும் 7.62 மி.மீ. துப்பாக்கியும், 1990களில் 5.56 மி.மீ. இன்சாஸும் வந்தன. இப்போது ரஷ்யக் கூட்டுடன் உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ஏகே-203 தயாராகிறது.

டாங்கிப் படையின் வரலாறு சென்னைக்கு அருகிலுள்ள ஆவடியோடு பிணைந்தது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960களில் விஜயந்தா டாங்கிகள் உருவாகின. பின்னர் டி-72, டி-90 வகைகள் அங்கேயே தயாராயின. ஆவடியில் உள்ள ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியின் மேம்பட்ட வகை, 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் 118 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

போர்முறையை மாற்ற முனைந்தவர்களில் ஜெனரல் கே. சுந்தர்ஜி முக்கியமானவர். 1928இல் செங்கல்பட்டில் பிறந்த அவர், கவச வண்டிகளில் விரைந்து செல்லும் காலாட்படை என்ற கருத்தை முன்னெடுத்தார். 1979இல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் உருவானது. 1986 முதல் 1988 வரை தளபதியாக இருந்த காலத்தில், ராஜஸ்தான் எல்லையில் பிராஸ்டாக்ஸ் என்ற மாபெரும் பயிற்சியை அவர் நடத்தினார். அது பாகிஸ்தானோடு போர் மூளுமோ என்ற பதற்றத்தையும் கிளப்பியது.

பீரங்கிப் படை பட்ட பாடு தனிக் கதை. 1986இல் சுவீடனிலிருந்து 410 போபர்ஸ் பீரங்கிகள் வாங்கப்பட்டன. மறு ஆண்டே லஞ்சப் புகார் வெடித்தது. அதன் நிழலில் அடுத்த 30 ஆண்டுகளுக்குப் பெரிய பீரங்கி எதுவும் படைக்கு வரவில்லை. ஆனால் 1999இல் கார்கில் மலைமுகடுகளை மீட்கப் பெரிதும் கைகொடுத்தது அந்தப் போபர்ஸ்தான். 2018 நவம்பரில் தேவ்லாலியில் எம்777, கே9 வஜ்ரா ஆகியவை சேர்க்கப்பட்டபோதுதான் அந்த இடைவெளி முடிந்தது. எம்777 ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலைக்கு ஏற்றக்கூடிய எடை குறைந்த பீரங்கி. வஜ்ரா சங்கிலிச் சக்கரத்தில் தானே ஓடும் கனரகப் பீரங்கி. உள்நாட்டிலேயே வடிவமைத்த 155 மி.மீ. இழுவைப் பீரங்கிகள் 307 வாங்க 2025 மார்ச்சில் ஒப்பந்தமானது.

கார்கில் போர் நிர்வாக அமைப்பையும் அசைத்தது. திருச்சியில் பிறந்த பாதுகாப்புத் துறை வல்லுநர் கே. சுப்ரமணியம் தலைமையிலான ஆய்வுக் குழு, உளவுத்துறை முதல் படைகளின் ஒருங்கிணைப்பு வரை குறைகளைச் சுட்டியது. முப்படைக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று 2001இல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. அந்தப் பதவி 2020 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முதலில் பொறுப்பேற்ற ஜெனரல் விபின் ராவத், 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டன் பணியாளர் கல்லூரிக்குச் செல்லும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

பணிகள்

1947–48, 1962, 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்கள் பரவலாக அறியப்பட்டவை. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைய, 93,000 பேர் சிறைப்பட்டனர். அந்தப் போரின் முடிவில் வங்கதேசம் பிறந்தது.

போர் இல்லாத நாள்களிலும் உயிரிழப்பு உண்டு. 1984 ஏப்ரல் முதல் சியாச்சின் பனியாற்றில் படை நிலைகொண்டுள்ளது. அங்கே எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவுமே அதிக உயிர்களைக் குடித்துள்ளன. 2016 பிப்ரவரி 3 அன்று, 19,000 அடிக்கு மேலுள்ள சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் சிக்கினர். ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டியெடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தார். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினரோடு நடந்த மோதலில் உயிரிழந்த 20 பேரில், ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனியும் ஒருவர். அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது.

ஐ.நா. அமைதிப் பணிகளுக்கு அதிக வீரர்களை அனுப்பிய நாடுகளில் இந்தியா முன்வரிசையில் உள்ளது. காங்கோவில் 1961இல் உயிர்நீத்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற 21 பேரில் ஐ.நா. பணிக்காகப் பெற்றவர் இவர் மட்டுமே.

பேரிடர்க் காலத்தில் மக்கள் நேரில் பார்ப்பது பெரும்பாலும் பொறியாளர் படையைத்தான். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் ஏற்பட்ட நிலச்சரிவு சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலத்தை அடித்துச் சென்றது. 'தம்பிகள்' என்று படைக்குள் அழைக்கப்படும் மெட்ராஸ் பொறியாளர் படையினர், பெங்களூருவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்த இரும்புச் சட்டங்களைக் கோத்து, ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை அமைத்தனர். 24 டன் தாங்கும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் மண் தோண்டும் இயந்திரங்களும் ஆம்புலன்ஸ்களும் அக்கரைக்குப் போயின.

தமிழகத் தொடர்பு

1758இல் வேர்கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட், இந்தியாவின் மிகப் பழைய காலாட்படை ரெஜிமென்ட்டாகக் கருதப்படுகிறது. அதன் பயிற்சி மையம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. சென்னை பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாடமி, நாட்டின் முதல் பெண் அதிகாரிகளைப் பயிற்றுவித்த இடம். பி. பி. குமாரமங்கலம், சுந்தர்ஜி, எஸ். பத்மநாபன் ஆகியோர் தரைப்படைத் தளபதிகளாக இருந்துள்ளனர். தாம்பரத்தில் வாழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிர்நீத்து அசோக சக்ரா பெற்றார்.

விமர்சனங்கள்

மரியாதை செய்யும் வேகத்தில் படையின் தேவைகள் கவனிக்கப்படுவதில்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. 2017இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, 152 வகை வெடிபொருள்களில் 61 வகைகள் 10 நாள் போருக்குக்கூடப் போதாத அளவில் இருப்பதாகச் சுட்டியது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் 25 விழுக்காட்டினரை மட்டுமே நிரந்தரமாக்குகிறது. இது படையின் சராசரி வயதைக் குறைக்கும், ஓய்வூதியச் சுமையைத் தணிக்கும் என்கிறது அரசு. அனுபவமும் வேலைப் பாதுகாப்பும் போய்விடும் என்கின்றனர் முன்னாள் வீரர்களில் பலர்.

பணியின் நினைவும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை 1,100க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு அங்கே காட்டிய வீரத்துக்காகப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஆனால் ஈழத் தமிழர் அந்தக் காலத்தை, 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டது போன்ற நிகழ்வுகளோடு சேர்த்தே நினைவில் வைத்துள்ளனர். வடகிழக்கில் 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டமும், காஷ்மீரில் அதே வகையிலான 1990ஆம் ஆண்டின் சட்டமும் இதேபோன்ற மனக்கசப்பை வளர்த்துள்ளன.

தொடர்புடைய நாள்கள்

கடற்படை தினம் டிசம்பர் 4 அன்றும், விமானப்படை தினம் அக்டோபர் 8 அன்றும் கொண்டாடப்படுகின்றன. முன்னது 1971இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதையும், பின்னது 1932இல் அந்தப் படை தொடங்கியதையும் குறிக்கின்றன. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போரின் வெற்றி நாள். 1949 முதல் டிசம்பர் 7இல் கடைப்பிடிக்கப்படும் கொடி நாளில் திரட்டப்படும் நிதி, உடல் உறுப்பு இழந்த வீரர்களுக்கும் மறைந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் செல்கிறது.