19 பேரில் ஒருத்தி

ரேணுகாம்பாளின் தலையை வணங்கும் படவேட்டில் வளர்ந்தவள் நான். பரசுராமன் தாயை வெட்டியபோது அவளோடு ஒரு தலித் பெண்ணும் வெட்டுண்டாள். உயிர்த்தெழுகையில் தலைகள் மாறிப் பொருந்தின என்றொரு கதை தமிழகத்தில் வழங்குகிறது. தாயின் பெயர் நிலைத்தது. மற்றவளுக்குக் கதையில் பெயரே இல்லை.

'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் ஆல்பமான 'மகிழ்ச்சி'யை (2018) அந்தப் பெயரற்றவளை மனதில் வைத்தே கேட்டேன். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு இது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்தே அதன் பெயரானது. கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் அதில் கலந்தன. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய அந்த 19 பேர் குழுவில் ஒரே பெண், இசைவாணி.

கானா வடசென்னைச் சாவு வீடுகளில் வளர்ந்தது. அங்கே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்; ஆண்கள் இரவெல்லாம் கானா பாடினார்கள். கானா மேடைக்கும் சினிமாவுக்கும் போனது. ஒப்பாரி பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நின்றது. ஆகவே இசைவாணி மைக் பிடித்தது இரண்டு தடைகளைத் தாண்டிய செயல்: ஒன்று சாதி, மற்றொன்று துக்கத்திலும் பிரிக்கப்பட்ட ஆண், பெண் குரல்.

2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். பெருமைதான். ஆனாலும் சாதி ஒழிப்பின் மேடையிலும் 19-க்கு 1 என்ற கணக்கை நாம் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.