தரையில் விழுந்த இடுக்கி



முன்பு நம் ஜொகூர் தோட்டங்களில் டிரஸர் ஊசி போடுவதற்கு முன், கண்ணாடிக் குழலையும் ஊசியையும் கொதிநீரில் போட்டு வைப்பார். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வரிசையில் நின்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்பின் பொருளை உணர்த்தும் வரலாறு ஒன்றை இன்று காண்போம்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ஒடெசாவில் பிறந்த ஹாஃப்கின் என்னும் அறிஞர் அங்கே தடுப்பு மருந்து கண்டார். 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதைத் தம் உடம்பிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். பின்னர் இலட்சக்கணக்கானோர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டனர்.

1902 அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேருக்குச் சில நாட்களில் இரணஜன்னி கண்டது. தாடை இறுகி, உடல் விறைத்து, பத்தொன்பது பேரும் மாண்டனர். அவர்கள் அனைவருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து வந்தது. மற்றப் புட்டிகளால் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

மருந்து ஆய்வுக்கூடத்திலேயே கெட்டது என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. ஹாஃப்கின் பதவியிழந்தார். ஆனால் நடந்தது என்ன? அந்தப் புட்டியின் தக்கையை எடுக்க வைத்திருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. உதவியாளர் அதை நெருப்பில் காட்டாமல், கார்பாலிக் மருந்துநீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தினார். மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் ஹாஃப்கினுக்காக வாதாடினர். 1907-இல் பழி நீங்கியது. 1925-இல் அந்த ஆய்வுக்கூடத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் மாண்டவர்கள் மீளவில்லையே!

அலசியும் கிருமி ஏன் சாகவில்லை? இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. கெட்டியான உறை கொண்ட வித்தாக மாறிப் பல ஆண்டுகள் உறங்கும். கொதிநீர் பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் இவ்வித்துகள் அதையும் தாங்க வல்லவை. ஆகவேதான் மருத்துவமனைகளில் கருவிகளை முதலில் தேய்த்துக் கழுவுகிறார்கள். இரத்தமும் அழுக்கும் ஒட்டியிருந்தால் கிருமி அதனுள் ஒளிந்துகொள்ளும். பிறகு அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் வைக்கிறார்கள். இதற்கான கலத்தை 1879-இல் அமைத்தவர் பிரான்சின் சாம்பர்லாந்து.

இன்று ஊசி ஒருமுறைக்கு மட்டுமே. உறையை நம் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முடி திருத்தும் கடையிலும் புதிய பிளேடு கேளுங்கள். மரம் சீவும் கத்தியோ முள்ளோ கிழித்துவிட்டால், காயத்தைச் சோப்பு நீரில் நன்கு கழுவிவிட்டுக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கே சற்றுக் காக்க வேண்டியிருந்தால், முல்கோவாலை நினைத்துக்கொள்வோம்.